அக்கா விழுந்த விதம்

விழுவதற்கென்று ஒரு ஆளை யாராவது வேலைக்கு வைப்பார்களா? வைத்தார்கள். நம் மேஸ்திரி அந்த வேலையைத்தான் ஏழு மாதம் பார்த்தார். காலை ஒன்பது மணிக்குச் செருப்பைக் கழற்றி வெளியே விடுவார். பையில் இருக்கும் செல்போன், சாவி, சீப்பு எல்லாவற்றையும் எடுத்து நடைவழி ஜன்னலில் வைப்பார். அறைக்குள் போய் நாலு எட்டு நடப்பார். நடுவில் நின்று ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு தொப்பென்று விழுவார். எழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டே மறுபடி நடப்பார், மறுபடி விழுவார். கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் இன்ஜினியரம்மா லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சூப்பர் மேஸ்திரி, இன்னொண்ணு. இந்தத் தடவை இடது பக்கமா," என்பார். வேலையாட்கள் அவருக்குத் 'தொப்' என்று பெயர் வைத்து முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுவரை பத்தோடு பதினொன்றாகத் தரை போட்டுக்கொண்டிருந்தவர். கட்டடத்தில் தனக்கென்று ஒரு பெயர் கிடைத்ததில் உள்ளூரப் பெருமைதான்.

அது தனியாக இருக்கும் வயதானவர்களுக்காகக் கட்டிய கட்டடம். நாற்பது அறை. கேமரா கிடையாது. நாள் முழுக்க யாரோ தன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் எந்த மனிதருக்குப் பிடிக்கும்? அதற்குப் பதிலாகத் தரையே ஆளைக் கவனித்துக்கொள்ளும். பார்வைக்கு மரப்பலகை. அதற்கு அடியில் அட்டை கனத்தில் ஒரு விரிப்பு, விரிப்புக்குள் பொடிப்பொடியாகக் கம்பிகள். இருட்டில் யாராவது கட்டிலை விட்டுக் காலை இறக்கினால் சுவரோரம் மங்கலாக ஒரு விளக்கு எரியும். கால் வைக்க வைக்க அடுத்தடுத்த விளக்கு எரிந்து குளியலறை வரைக்கும் கூட்டிக்கொண்டு போகும். திரும்பி வந்து படுத்தால் தானாக அணைந்துவிடும். ஆள் விழுந்து நாலு நிமிஷத்துக்குள் எழுந்திருக்கவில்லை என்றால் நர்ஸ் அறையில் மணி அடிக்கும்.

ஆள் விழுந்ததா, சாமான் விழுந்ததா என்று தரைக்கு எப்படித் தெரியும்? யாராவது விழுந்து காட்ட வேண்டும். ஒன்றிரண்டு தடவை இல்லை, நூற்றுக்கணக்கில். முதல் நாள் இன்ஜினியரம்மா, "யாராவது கொஞ்சம் விழுந்து காட்டுங்களேன்," என்று கேட்டபோது எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரிக்குச் சும்மா நிற்க வராது. அது அவர் பிறவிக் குணம். சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவார். உட்கார வைத்தால் கால் ஆடும். காலைப் பிடித்து நிறுத்தினால் கை ஆடும். "கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்த மனுஷன்," என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அப்படிப்பட்டவர் அன்றைக்கு முந்திக்கொண்டு விழுந்தார். பிறகு அதையே பிடித்துக்கொண்டார்கள்.

முதல் வாரம் உடம்பெல்லாம் கன்றிப்போய், மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். இரண்டாவது வாரத்திலிருந்து சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், கையை ஊன்றாமல் தோளைக் கொடுக்க வேண்டும், விழுந்த வேகத்திலேயே உருண்டுவிட வேண்டும். "விழத் தெரியணும்டி. தெரியாம விழுறவனுக்குத்தான் எலும்பு போகும்," என்று வீட்டில் பீற்றிக்கொள்வார். "வெளியில சொல்லிடாதீங்க. என்ன வேலைன்னு யாராவது கேட்டா, தரை வேலைன்னு சொல்லி நிறுத்திக்குங்க," என்பாள் அவள். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டில், கட்டிலிலிருந்து, ஈரக்காலோடு, கைத்தடியோடு என்று தரை கற்றுக்கொண்டது மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு விழுதல். அதில் முந்நூற்று முப்பதுக்கு மேல் மேஸ்திரியுடையது.

இந்தத் தரையில் மேஸ்திரிக்குச் சம்பளத்துக்கு மேலே ஒரு அக்கறை உண்டு. பதினாலாம் நம்பர் அறை அவருடைய அக்காவுக்கு.

அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது, இவருக்கு நாற்பத்தெட்டு. முப்பத்தாறு வருஷம் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணமே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்று ஜெயித்தவள். ஊர்ப்பட்ட வாய். தம்பியைத் தினமும் ஒரு தடவையாவது திட்டாவிட்டால் அவளுக்கு நாள் போகாது. அதற்காகவே மேஸ்திரி சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆறரை மணிக்கு போன் செய்வார். "என்னடா, இன்னிக்கு எத்தனை விழுந்த?" என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் வாங்குவாங்கென்று வாங்கிவிட்டு வைத்துவிடுவாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த அக்காவே சமையலறையில் விழுந்துவிட்டாள். காலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி, பதில் இல்லாமல் பூட்டை உடைத்துப் பார்த்தால், வாசற்கதவுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகக் கிடக்கிறாள். காலில் ஏதோ நரம்புக் கோளாறு என்றார் டாக்டர். திடீரென்று பலம் போகும், திரும்பி வரும். மறுபடி வரலாம் என்றும் சொன்னார். எலும்புக்கு ஒன்றுமில்லை. முழங்கை இரண்டிலும் தோல் வழன்றிருந்தது. "ஆறு மணிக்கு எழுந்து தண்ணி குடிக்கப் போனேன். கால் வாரிடுச்சு. ஒரு மணி நேரம் கிடந்திருப்பேன், அவ்வளவுதான். இதுக்குப் போய்க் கூட்டம் போடாதீங்க," என்று வந்தவர்கள் எல்லாரையும் விரட்டிவிட்டாள்.

மேஸ்திரி வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. "உன் படி ஏறி முடிக்கிறதுக்குள்ள என் ஆயுசு முடிஞ்சிடும்," என்று அக்கா மறுத்துவிட்டாள். வேறு எந்த இல்லத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் மேஸ்திரி தயங்கித் தயங்கி இந்தக் கட்டடத்தைச் சொன்னார். அக்கா இந்தத் தடவை மூஞ்சியைத் திருப்பவில்லை. "நீ போட்ட தரையா?" என்றாள். "ஆமாக்கா." "விழுந்தா அதுக்குத் தெரியுமா?" "நான்தானே சொல்லிக் கொடுத்திருக்கேன்." "அப்ப சரி, போறேன்," என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொல்லி மேஸ்திரி பார்த்ததில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குத் திறப்பு விழா. அன்றைக்கே அக்கா குடிவருகிறாள். திங்கட்கிழமை மேஸ்திரி லீவு போட்டுவிட்டு அவள் வீட்டில் சாமான் கட்டப் போனார். கட்டுவது என்ன கட்டுவது, ஒரு பெட்டியில் பாதி போடுவார், அடுத்த அறைக்குப் போவார், அங்கே ஒரு பெட்டியைத் திறப்பார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் வாயால் திருத்திக்கொண்டிருந்தாள். சமையலறையில் ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது மேஸ்திரிக்குத் தொழில் புத்தி எட்டிப் பார்த்தது.

"ஆமா, கேக்கணும்னு நினைச்சேன். அன்னிக்கு நீ எப்படிக்கா விழுந்த? முன்னாலயா, பின்னாலயா?"

"பெரிய ஆராய்ச்சி! உன்னை மாதிரி தொப்புனு எல்லாம் நான் விழலை."

"பின்ன?"

"ரெண்டு காலும் இருக்கான்னே தெரியலைடா. ஃப்ரிட்ஜைப் பிடிச்சேன். அது மேலேயே சாஞ்சு மெதுவா கீழ இறங்கிட்டேன். உக்காந்த மாதிரிதான் ஆச்சு. அப்புறம் பக்கவாட்டுல சரிஞ்சேன். ஒரு சத்தம் கிடையாது. ஃப்ரிட்ஜ் மேல இருந்த டம்ளர்கூட விழலைன்னா பாரேன்."

மேஸ்திரி சிரிக்க வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். துடைக்கிற துணி கையில் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். அத்தனையும் அடித்து விழுந்தவை, ஒவ்வொன்றும் பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும். மெதுவாக இறங்கியது ஒன்றுகூட இல்லை. யாருக்கும் தோன்றவே இல்லை. விழச் சொன்னார்கள், விழுந்தோம், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கே கட்டடத்துக்குப் போய்விட்டார். இன்ஜினியரம்மா வந்ததும் வராததுமாக அவரைப் பதினாலாம் நம்பர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். "மேடம், நீங்க வெளிய இருந்து லேப்டாப்பைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து மெல்லக் கீழே இறங்கினார். பக்கவாட்டில் சரிந்து படுத்தார். நாலு நிமிஷம் அப்படியே கிடப்பது அந்த மனுஷருக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருக்குத்தான் தெரியும். நாலு நிமிஷம் ஆனது. ஐந்து ஆனது. எட்டு ஆனது. மணி அடிக்கவில்லை. பத்தாவது நிமிஷம் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து பார்த்தார். திரையில் நீலமாக ஒரு பொட்டு. அதன் பக்கத்தில் 'உட்கார்ந்திருக்கிறார்' என்று எழுதியிருந்தது.

"உக்காந்திருக்காராம்! பத்து நிமிஷமா செத்த பிணமாக் கிடக்கிறேன், உக்காந்திருக்காராம்!"

"மேஸ்திரி, கத்தாதீங்க. நான் யோசிக்கிறேன்," என்றார் இன்ஜினியரம்மா. அவர் முகமும் வெளுத்துத்தான் போயிருந்தது.

விஷயம் மேனேஜருக்குப் போனது. மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் திறப்பு விழா முடிகிற வரைக்கும் யார் எந்தக் குறை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று தீர்மானித்திருந்தார். "நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியாச் சொல்லுதுன்னு ரிப்போர்ட் வந்தாச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார்.

"மிச்சம் ரெண்டுல எங்க அக்கா இருக்கா சார்," என்றார் மேஸ்திரி.

மேனேஜர் ரிப்போர்ட்டை எடுத்துப் புரட்டினார். இன்ஜினியரம்மாதான் பேசினார். மெதுவாகக் கீழே போகிறவர்களுக்கெல்லாம் மணி அடிக்கச் செய்வது சுலபம்தான். ஆனால் கீழே விழுந்த சீப்பை எடுக்க உட்கார்ந்தாலும் அடிக்கும், தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாலும் அடிக்கும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அடித்தால் நர்ஸ்களே மணியை நிறுத்தி வைத்துவிடுவார்கள். அப்புறம் இருந்தும் இல்லாத கதைதான். "உக்கார்றதுக்கும் சரியறதுக்கும் வித்தியாசம் இருக்கும். தரைக்கு அதைக் காட்டணும். நிஜமா சரியற மாதிரி பத்து தடவை கிடைச்சாப் போதும், கம்ப்யூட்டர்ல ஏத்திடுவேன்," என்றார்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு ரிப்பன் வெட்டுறாங்க. அது வரைக்கும் என்ன வேணா பண்ணுங்க. அதுக்கப்புறம் தரையை யாரும் தொடக் கூடாது," என்று மேனேஜர் எழுந்துவிட்டார்.

பத்துத்தானே, முந்நூறு விழுந்தவனுக்குப் பத்து ஒரு விஷயமா என்று மேஸ்திரி புதன்கிழமை காலையில் களத்தில் இறங்கினார். முதல் தடவை இறங்கினார். இன்ஜினியரம்மா உதட்டைப் பிதுக்கினார். "கை முன்னால போயிடுது மேஸ்திரி." துண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இறங்கினார். "இப்ப தோள் உருளுது." தோளைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு இறங்கினார். "பாதத்தைச் சரி பண்ணிக்கிறீங்க. உக்கார்றவங்கதான் அப்படிப் பண்ணுவாங்க." மத்தியானத்துக்குள் நாற்பது தடவை ஆயிற்று. தலைகீழாக நின்று பார்த்தும் ஒன்று தேறவில்லை. மற்ற வேலையாட்களைக் கூப்பிட்டால், ஒருத்தன் சிரிக்கிறான், இன்னொருத்தன் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறான்.

"உங்க உடம்புக்கு விழத் தெரிஞ்சு போச்சு," என்றார் இன்ஜினியரம்மா கடைசியில். "நமக்கு வேண்டியது விழத் தெரியாதவங்க." சொன்ன மாத்திரத்தில், சொல்லியிருக்க வேண்டாமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தாள்.

அன்று சாயங்காலம் மேஸ்திரிக்கு இருப்பே கொள்ளவில்லை. பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காராமல் நின்றார். நிற்கவும் பிடிக்காமல் மூன்று நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தார். ஆறரை மணிக்கு அக்காவுக்கு போன் செய்தவர், "சாப்பிட்டியா?" என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. வீட்டில் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். மனைவி வழியை மறித்து நின்று தட்டைப் பிடுங்கினாள். "என்னன்னு சொல்லிட்டு நடங்க."

சொன்னார். அக்காவிடம் மட்டும் மூச்சுக் காட்டாதே என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் குளிக்கப் போன இடைவெளியில் நாத்தனாருக்கு போன் போய்விட்டது.

வியாழக்கிழமை காலை ஒன்பதுக்கு வாடகைக் கார் ஒன்று கட்டட வாசலில் வந்து நின்றது. அக்கா இறங்கினாள். ஒரு கையில் தடி, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில்.

"எங்கடா விழணும்?"

"நீ எதுக்குக்கா வந்த? யார் சொன்னா உனக்கு?"

"யாரோ சொன்னாங்க. எங்க விழணும்னு கேட்டேன்."

"நீ விழக் கூடாதுன்னுதானே நான் இத்தனை பாடும் படுறேன்!"

"விழாம இருக்கிறதுக்கு மருந்து இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டார். விழுந்தா நாலு பேருக்குத் தெரியட்டும்னுதானே இங்க வர்றேன்? உன் தரைக்கு என்னைத் தெரியலைன்னா நான் எதுக்கு வரணும்? என் வீட்டுத் தரையே போதுமே." தம்பியைத் தடியால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள்.

மேஸ்திரி தடுத்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். இன்ஜினியரம்மா நர்ஸைக் கூப்பிட்டு ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார். ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை மணி ஓய்வு என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அக்கா பதினாலாம் நம்பர் அறைச் சுவரில் தோளைச் சாய்த்தாள். பிடித்து நிறுத்தியிருந்த காலைத் தளர விட்டாள். பாதம் தன் பாட்டுக்கு முன்னால் வழுக்கியது. கை எங்கேயும் ஊன்றவில்லை. புடவை சுவரில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பக்கமாகச் சரிந்து, கன்னம் பலகையில் பட்டது. இன்ஜினியரம்மா திரையைப் பார்த்துவிட்டு, "இதுதான்," என்றார் தாழ்ந்த குரலில்.

மேஸ்திரியால் பார்க்க முடியவில்லை. நடைவழியின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்.

ஓய்வு நேரத்தில் இன்ஜினியரம்மா அக்காவிடம் கேட்டார். "அன்னிக்குக் கீழ வந்ததுக்கப்புறம் அசையாமக் கிடந்தீங்களா, நகர்ந்தீங்களாம்மா?"

"நகர்ந்தேன். வாசக் கதவு வரைக்கும் முழங்கையாலயே இழுத்துக்கிட்டுப் போனேன்."

"அது எவ்வளவு தூரம் இருக்கும்?"

"பதினெட்டு அடி இருக்கும்."

"ஒரு மணி நேரத்துலயா?"

அக்கா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "ஒரு மணி நேரம்னுதான் முன்னாலயே சொல்லிட்டேனே," என்றாள். இன்ஜினியரம்மா அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மேலே கேட்காமல் எழுதிக்கொண்டார். ஆள் நகர்ந்தால் நலமாக இருக்கிறார் என்று தரை முடிவு கட்டிக்கொள்ளும்படி வைத்திருந்தார்கள். அதையும் மாற்ற வேண்டியிருந்தது. அடுத்த தடவையிலிருந்து அக்கா சரிந்த பிறகு நகர்ந்தும் காட்டினாள். வியாழன் ஐந்து, வெள்ளி ஐந்து. முழங்கையில் நர்ஸ் கட்டுப் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை இரவெல்லாம் உட்கார்ந்து இன்ஜினியரம்மா பத்தையும் ஏற்றினார்.

சனிக்கிழமை எட்டரைக்குக் கடைசிப் பரீட்சை. அறையில் அக்கா மட்டும்தான் இருக்க வேண்டும். இன்னொரு ஆள் கால் வைத்தால் உதவிக்கு ஆள் வந்துவிட்டதென்று தரை மணியடிக்காமல் இருந்துவிடும். ஆகவே கதவைச் சாத்தினார்கள். வெளியே இன்ஜினியரம்மா, நர்ஸ், மேஸ்திரி. கீழே வாசலில் ரிப்பன் கட்டுகிற சத்தம் கேட்டது.

உள்ளே புடவை உரசியது. "ஆரம்பிச்சாச்சு," என்றார் இன்ஜினியரம்மா. பிறகு பலகைமேல் முழங்கை இழுபடுகிற சத்தம். சர்ரென்று ஒரு இழுப்பு, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, மறுபடி ஒரு இழுப்பு. மேஸ்திரி கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். ஒரு நிமிஷம். சட்டைப் பொத்தானைக் கழற்றினார், போட்டார். இரண்டு நிமிஷம். சத்தம் நின்றுவிட்டது. காதைக் கதவில் வைத்தார். ஒன்றுமில்லை. மூன்று நிமிஷம். மயங்கிவிட்டாளோ? ரத்த அழுத்தமோ? "மேஸ்திரி, வேண்டாம்!" என்று இன்ஜினியரம்மா கத்துவதற்குள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடிவிட்டார்.

அக்கா ஒருக்களித்துக் கிடந்தாள். கண் திறந்துதான் இருந்தது. மூச்சு வாங்க நிறுத்தியிருக்கிறாள், வேறொன்றுமில்லை. தம்பியைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்தது.

"எதுக்குடா உள்ள வந்த?"

"சத்தமே இல்லையேக்கா..."

"போடா வெளிய! அன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணியில இருந்து விடியற வரைக்கும் கிடந்தேன். அப்ப வரலை. இப்ப நாலு நிமிஷம் பொறுக்க முடியலையா உனக்கு?"

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். சொல்ல நினைத்ததில்லை அது. மூன்று மாதமாகக் கட்டிக் காத்தது, கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டது.

மேஸ்திரிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. காலையில் இல்லை. முந்தின நாள் சாயங்காலம். ஆறு மணி. அன்றைக்குத்தான் தரை முதல் தடவையாகப் பத்துக்குப் பத்து சரியாகச் சொன்னது. எல்லாரும் கைதட்டினார்கள், யார் யாரோ பெரிய மனிதர்கள் பார்க்க வந்தார்கள், அவர்கள் முன்னால் திரும்பத் திரும்ப விழுந்து காட்டினார். செல்போன் ஜன்னலில் கிடந்தது. அதை எடுக்கும்போது எட்டு மணி தாண்டிவிட்டது. இந்நேரம் அக்கா படுத்திருப்பாள், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஆறரைக்கு அவர் போன் செய்திருந்தால், மணியடித்து அவள் எடுக்காமல் இருந்திருந்தால், ஓடி வந்திருப்பார். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்த ஒரு நாள்தான் அவர் போன் செய்யாமல் விட்டது. அதை அவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் அவள் ஒரு மணி நேரம் என்று சொல்லியிருக்கிறாள்.

"அக்கா," என்றார்.

"அழுதுகிட்டு நிக்காத. தூக்கிவிடு. முதல்ல இருந்து பண்ணணும்."

"வேண்டாம்கா. போதும். இந்தத் தரையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"எனக்கு வேணும்டா," என்றாள் அக்கா. "தூக்கு."

கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். கனமே இல்லாமல் இருந்தாள். சுவரோரம் நிறுத்தி, தோளைச் சாய்த்துவிட்டார். அவள் முழங்கைக் கட்டு நழுவியிருந்ததைச் சரிசெய்தார். பிறகு வெளியே வந்து தன் கையாலேயே கதவைச் சாத்தினார். வாழ்நாளில் அவர் செய்த வேலைகளில் அதுதான் கஷ்டமான வேலை.

புடவை உரசியது. முதல் இழுப்பு கேட்டது. மேஸ்திரி நடக்கவில்லை. கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு இழுப்பையும் கேட்டார். சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் ஓர் இரவு முழுக்க இந்தச் சத்தம்தான் கேட்டிருக்கும், கேட்க ஆளில்லாமல். கண்ணீர் வழிந்து சட்டையில் விழுந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. மேனேஜர் மாடியேறி வந்து, "என்ன நடக்குது இங்க? கீழ எல்லாரும்..." என்று ஆரம்பித்தார். இன்ஜினியரம்மா விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். உள்ளே சத்தம் நின்றது. இந்தத் தடவை மேஸ்திரி கதவைத் திறக்கவில்லை.

நர்ஸ் அறையில் மணி அடித்தது.

மேஸ்திரி கதவைத் திறந்தார். அக்கா வாசற்படிக்குப் பக்கத்திலேயே வந்திருந்தாள். அவர் மண்டிபோட்டு உட்கார்ந்து அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அடிச்சுச்சாடா?"

"அடிச்சுச்சுக்கா."

"எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"நாலு."

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே முழங்கைக் கட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நாலுன்னா கிடக்கலாம்டா," என்றாள்.